தலைகீழாய் எழுதிய ஒரு மேக்ரோவும் ஒரு லாரித் தண்ணியும்

2019 ஜூன் மாசம் சென்னையில் இருந்தவங்க யாரும் அதை மறந்திருக்க மாட்டாங்க. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டு கிடந்தது. ஜூலை 12-ம் தேதிதான் ஜோலார்பேட்டையிலிருந்து முதல் தண்ணீர் ரயில் வந்து சேர்ந்தது. அதுக்கு முந்தின மாசம், ஒரு நாள் விடிகாலை நாலு மணிக்கு எனக்கு மயிலாப்பூரிலிருந்து போன். பெரியம்மா.

"டேய், உன் மிஷின் மோட்டாரை நிறுத்தவே இல்லடா. மேல் டேங்க் வழிஞ்சு தெருவுல ஓடிட்டிருக்கு. நேத்துதான் லாரி வந்து சம்ப்பை ரொப்பினான். கீழ்வீட்டு மாமா கத்தறார். உடனே கிளம்பி வா."

"உன் மிஷின்"னு அவங்க சொன்னதில் எந்தத் தப்பும் இல்லை. கல்லூரி முடிச்சு முதல் வேலை. மோட்டாரைத் தானா ஓட்டி தானா நிறுத்தற வாட்டர் லெவல் கன்ட்ரோலர் செய்யற சின்னக் கம்பெனி. அதுக்குள்ள ஓடற சி நிரலில் பாதி என் கைவேலை. ஊருக்கு விக்கறதுக்கு முன்னாடி சொந்தக்காரங்க வீட்டுல ஒண்ணு மாட்டிப் பார்ப்போமேன்னு பெரியம்மா ஃபிளாட்டில் மாட்டியிருந்தேன். புத்திசாலித்தனம்!

நடந்தது இதுதான். மோட்டார் ஓடும்போது வர்ற மின் இரைச்சலில் சிப் அப்படியே உறைஞ்சு போச்சு. ரிலே ஆன் நிலையிலேயே நின்னுடுச்சு. டேங்க் நிறைஞ்ச சேதி சென்ஸாரிலிருந்து வந்தும் அதைக் கேட்க உள்ளே ஆளில்லை. இந்த மாதிரி நேரத்துக்காகவே எல்லாச் சிப்பிலும் வாட்ச்டாக்னு ஒரு காவல் நாய் உண்டு. நிரல் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை அதைத் தட்டிக் கொடுத்துக்கிட்டே இருக்கணும். தட்டலேன்னா நிரல் செத்துப் போச்சுன்னு முடிவு பண்ணி சிப்பை ரீசெட் பண்ணிடும். ரீசெட் ஆனா ரிலே விட்டுடும், மோட்டார் நிக்கும். எங்க நிரலிலும் வாட்ச்டாக் இருந்தது. இருந்ததுன்னு நினைச்சிட்டிருந்தேன்.

அன்னிக்கு மத்தியானம் கண்டுபிடிச்சேன். அமைப்புக் கோப்பில் நான் டிஃபைன் பண்ணின பேர் 'வாட்ச்டாக்_எனேபிள்', மதிப்பு 1. பிரதான நிரலில் 'ஹேஷ் இஃப்' போட்டுக் கேட்ட பேர் 'எனேபிள்_வாட்ச்டாக்'. அவ்வளவுதான். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லல. எச்சரிக்கை இல்லை, பிழை இல்லை. நாயைக் கட்டற நாலு வரியையும் சத்தமில்லாம வெட்டிப் போட்டுட்டு, 'ஆச்சு'ன்னு சொல்லிடுச்சு.

ஏன் சொல்லலைங்கற கேள்வி அன்னிக்குப் பிடிச்சது, இன்னும் விடல. அதோட சரித்திரத்தைத் தோண்டினதுதான் இந்தப் பதிவு. (ஜாவா, பைத்தான் ஆசாமிகளும் படிக்கலாம். அடுத்தவன் கஷ்டம்தானே.)

முதலில் விஷயம் புரிய ஒரு உதாரணம். மவுண்ட் ரோடு பக்கம் ரிட்சி தெருவுக்குப் போயிருப்பீங்க. எலெக்ட்ரானிக்ஸ் சாமான் எல்லாம் கிடைக்கிற இடம். (சி மொழியை உருவாக்கின டென்னிஸ் ரிட்சிக்கும் அந்தத் தெருவுக்கும் சம்பந்தமில்லை. கல்லூரி முதல் வருஷம் சம்பந்தம் இருக்குன்னு ஒரு சீனியர் சொல்லி நான் நம்பியிருக்கேன்.) கூட்ட நேரத்தில் கடையில் போய், "அண்ணே, இந்த நம்பர் ஐ.சி. இருக்கா?"ன்னு கேளுங்க. அவர் நிமிர்ந்தே பார்க்காம "இல்லப்பா"ம்பார். சரக்கு தீர்ந்து போச்சா, இல்ல அப்படி ஒரு நம்பரே உலகத்தில் கிடையாதா? ரெண்டுக்கும் அதே "இல்லப்பா"தான். நீங்க நம்பரைத் தப்பா எழுதிக்கிட்டு வந்திருந்தாலும் தெருக்கோடி வரைக்கும் அதே பதில் கேட்டுட்டு வீட்டுக்கு வருவீங்க.

சி மொழியோட பிரீபிராசஸர் இந்தக் கடைக்காரர்தான். 'இஃப்டெஃப்'னு கேட்டா பேர் டிஃபைன் ஆகியிருக்கான்னு மட்டும் பார்க்கும், மதிப்பைப் பார்க்காது. அதனால 'டீபக்' என்பதை 0-ன்னு டிஃபைன் பண்ணிட்டு இஃப்டெஃப் போட்டுக் கேட்டா "இருக்கு"ங்கும்! வெறும் 'இஃப்' போட்டா மதிப்பைப் பார்க்கும். ஆனா கேள்விப்படாத பேரா இருந்தா அதை 0-ன்னு எடுத்துக்கும். என் காவல் நாய் போனது அந்த ரெண்டாவது வழியில்.

இனி சரித்திரம். ஆரம்பத்தில் சி-யில் பிரீபிராசஸரே கிடையாது. 1972-73 வாக்கில், பெல் லேப்ஸில், ஆலன் ஸ்னைடர் வற்புறுத்தியதாலும், பி.சி.பி.எல்., பி.எல்-1 மொழிகளில் கோப்பைக் கோப்புக்குள் இழுத்துக்கற வசதி இருந்ததைப் பார்த்தும் அதைச் சேர்த்தாங்கன்னு ரிட்சியே பின்னாளில் எழுதியிருக்கார். அப்போ அதுக்குத் தெரிஞ்ச வித்தை ரெண்டே ரெண்டு: இன்க்ளூட், வாதங்கள் இல்லாத எளிய டிஃபைன். கொஞ்ச நாளில் மைக் லெஸ்க்கும் அவருக்குப் பின் ஜான் ரைசரும் அதில் கைவச்சு, வாதங்கள் வாங்கற மேக்ரோவையும், 'இது இருந்தா இந்த வரி, இல்லேன்னா அந்த வரி'ங்கற நிபந்தனைக் கம்பைலையும் கொண்டுவந்தாங்க. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுக் கட்டின வீடில்லை. தேவைக்கு ஒரு அறையா இழுத்துக் கட்டினது. மொழியோட இலக்கணத்துக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. மொழி தன் மாறிகளை 'அறிவிச்சியா?'ன்னு அதட்டிக் கேட்கும். பிரீபிராசஸர் கேட்காது, வெறும் எழுத்தை வெட்டி ஒட்டும்.

1978-ல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதின புத்தகத்தில் இஃப், இஃப்டெஃப், இஃப்என்டெஃப் எல்லாம் வந்தாச்சு. 1989-ல் ஆன்ஸி தரம் வந்தபோது 'டிஃபைன்ட்' என்கிற கேள்வியும், எலிஃபும், 'ஹேஷ் எரர்' என்கிற அலறலும் சேர்ந்தது. கூடவே, இஃப் வரியில் மேக்ரோ விரிவாக்கமெல்லாம் முடிஞ்ச பிறகும் மிச்சம் இருக்கிற பேர்கள் எல்லாம் 0-ன்னு அந்தத் தரத்தில் எழுத்துப்பூர்வமா சொல்லியாச்சு. ஆக, என் கம்பைலர் அன்னிக்கு வாயை மூடிக்கிட்டிருந்தது சட்டப்படி சரி!

நம்ம ஊரில் இதை யார் சொல்லிக் கொடுத்தாங்க? பாலகுருசாமி புத்தகம்தான் எங்களுக்கு வேதம். (அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரா இருந்தவர்.) அதில் பிரீபிராசஸர் பாடம் கடைசிப் பக்கமா வரும். செமஸ்டர் முடிகிற நேரத்தில், டர்போ சி நீலத் திரைக்கு முன்னால், "இது ரெண்டு மார்க் கேள்விதான், படிச்சுக்கோங்க"ன்னு தாண்டிடுவாங்க. என் காலேஜில் அப்படித்தான். ரெண்டு மார்க்குக்குள்ள ஒரு லாரித் தண்ணி இருந்தது யாருக்குத் தெரியும்.

யூனிக்ஸ் பல கம்பெனி இயந்திரங்களுக்குப் பரவினதும், ஒவ்வொரு நிரலும் இஃப்டெஃப் காடாச்சு. சன் இயந்திரமா, வேக்ஸா, சிஸ்டம் ஃபைவா... நிரலைப் படிக்கவே முடியாது. 1992-ல் ஹென்றி ஸ்பென்ஸரும் ஜெஃப் காலியரும் யூஸ்நிக்ஸ் மாநாட்டில் ஒரு கட்டுரை கொடுத்தாங்க. சி நியூஸ்னு ஒரு மென்பொருளைப் பலவகை யூனிக்ஸில் ஓடவச்ச அனுபவம். அவங்க வாதம்: பெரும்பாலான இஃப்டெஃப் தேவையே இல்லை. வித்தியாசமான பகுதியை ஒரு இடைமுகத்துக்குப் பின்னால் தனிக் கோப்பில் வை, எந்தக் கோப்பைச் சேர்க்கணும்னு கட்டும்போது தேர்ந்தெடு. யோசிச்சுப் பாருங்க, கோப்புப் பேரைத் தப்பா எழுதினா 'கோப்பு இல்லை'ன்னு கம்பைல் நின்னுடும். மேக்ரோ பேரைத் தப்பா எழுதினா ஒண்ணுமே ஆகாது. என்னைப் பொறுத்தவரை அந்தக் கட்டுரையோட பெரிய லாபமே இதுதான்.

ஆனா உலகம் வேற பக்கம் போச்சு. 1991-ல் டேவிட் மெக்கன்ஸி தொடங்கின ஆட்டோகான்ஃப், உங்க கணினியை நோண்டிப் பார்த்து, இருக்கிற வசதிக்கெல்லாம் 'ஹேவ்' என்று தொடங்கும் மேக்ரோவை 1-ன்னு எழுதித் தரும். இல்லாததுக்கு 0 எழுதாது, டிஃபைன் பண்ணவே பண்ணாது. இந்த மரபில் இஃப்டெஃப் போட்டாலும் சரி, இஃப் போட்டாலும் சரி. ஆனா அமைப்பு ஹெடரை இன்க்ளூட் பண்ண மறந்தீங்கன்னா எல்லாக் கேள்விக்கும் "இல்லப்பா".

லினக்ஸ் கதைதான் இதில் சுவாரசியம். 2002-ல் ரோமன் ஸிப்பல் எழுதின கேகான்ஃபிக் கர்னலுக்குள் வந்தது. அங்கே ஒரு வசதிக்குப் பதில் ரெண்டில்லை, மூணு: ஆம், இல்லை, மாட்யூல். 'ஆம்'னா கான்ஃபிக் பேர் 1-ன்னு டிஃபைன் ஆகும். மாட்யூல்னா அந்தப் பேர் டிஃபைன் ஆகாது, வால் பக்கம் '_மாட்யூல்' ஒட்டின இன்னொரு பேர் டிஃபைன் ஆகும். ஆக வெறும் இஃப்டெஃப் போட்டவன் மாட்யூலா கட்டினவனைக் கைவிட்டான். ஒவ்வொரு இடத்திலும் ரெண்டு பேரையும் கேட்கணும். பாதிப் பேர் மறந்தாங்க.

மறதி மட்டுமில்லை. கர்னலோட 'எஸ்.எம்.பி.' கோப்பில் ஒரு சி.பி.யு.-வை அணைக்கும்போது அதுக்கு ஒதுக்கின நினைவகத்தைத் திருப்பித் தர்ற பகுதி ஒண்ணு. அதைச் சுத்தி ஒரு இஃப்டெஃப். கேட்ட பேர்: கான்ஃபிக்_சி.பி.யு._ஹாட்பிளக். உண்மையான பேர்: கான்ஃபிக்_ஹாட்பிளக்_சி.பி.யு. என் தப்பேதான், அச்சு அசல்! இதை 2009-ல்தான் கண்டுபிடிச்சுத் திருத்தினாங்க. அதுவரைக்கும் அந்தப் பகுதி யார் கர்னலிலும் கம்பைலே ஆகல. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. உலகத்துலேயே அதிகம் பேர் கண் வைக்கிற சி நிரலில் அப்படின்னா, மயிலாப்பூரில் ரெண்டு பேர் பார்த்த நிரலில் இப்படி.

ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இதை ஒரு கருவி எழுதித் தேடினாங்க. 2011-ல் வெளியான ஆய்வுப்படி, லினக்ஸ் 2.6.35-ல் இந்த மாதிரி அமைப்புக் கோளாறுகள் 1,776. எந்த அமைப்பிலும் உயிர் வராத வரிகள், எந்த அமைப்பிலும் தேவையில்லாத நிபந்தனைகள், நிஜ பக்குகள், எல்லாம் சேர்த்து.

அதே 2011-ல் மிஹால் மாரெக், 'ஈஸ் எனேபிள்ட்'னு ஒரு மேக்ரோ கொண்டுவந்தார். ஆம், மாட்யூல் ரெண்டையும் ஒரே கேள்வியில் கேட்கும். இதை சாதாரண சி-யின் 'இஃப்'பிலேயே, அதாவது ஹேஷ் இல்லாத இஃப்பிலேயே, போடலாம். பதில் 0-ன்னா அந்தப் பகுதியைக் கம்பைலர் கடைசியில் தூக்கிடும், ஆனா தூக்கறதுக்கு முன்னாடி படிச்சுப் பார்த்துத் தப்புச் சொல்லும். அதுதான் அழகு. அந்த முதல் வடிவத்துக்கு இன்னொரு குணமும் இருந்தது. ஒவ்வொரு வசதிக்கும் 0 அல்லது 1-ன்னு எழுதிவைக்கணும். அதனால சி-க்குள்ள பேரைத் தப்பா எழுதினா 'அப்படி யாரும் இல்லை'ன்னு கம்பைல் நின்னுடும்!

அதுவே தலைவலியும் ஆச்சு. எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை எழுதினதில், தானா உருவாகிற ஹெடர் சாதாரண அமைப்புக்கே 16 ஆயிரம் வரி அளவுக்கு ஊதிப் போச்சு. 2012-ல் பால் கோர்ட்மேக்கர் ஒரு வித்தை பண்ணி, டிஃபைன் ஆகாத பேருக்கும் வேலை செய்யற மாதிரி மாத்தினார். வித்தை என்னன்னா, ரேஷன் கடை வரிசையை நினைச்சுக்கோங்க. வரிசையில் 1 முதலில், 0 ரெண்டாவது. விதி: ரெண்டாவது ஆளைக் கூப்பிடு. உங்க வசதி 1-ன்னு டிஃபைன் ஆகியிருந்தா, அந்த 1 ஒரு ரகசியப் பேரோட ஒட்டி '0, கமா'ன்னு விரியும். முன்னால ஒரு ஆள் புகுந்துட்டான். வரிசை இப்ப 0, 1, 0. ரெண்டாவது ஆள் 1. டிஃபைன் ஆகலேன்னா கமா வராது. ஏதோ ஒரு குப்பை வார்த்தை முதல் ஆளோட தோளில் தொத்திக்கும், தனி ஆளாகாது. ரெண்டாவது ஆள் 0. முதல் தடவை இது புரிஞ்சப்போ எழுந்து நின்னு கைதட்டணும்னு தோணிச்சு.

ஆனா கவனிச்சீங்களா? அந்தக் கமா வித்தையோட ரிட்சி தெரு கடைக்காரர் திரும்ப வந்து உட்கார்ந்துட்டார். இன்னிக்கும் ஈஸ் எனேபிள்ட்டுக்குள் தப்பான பேரைக் கொடுத்தா பதில் 0, சத்தமே இல்லாம. தப்புப் பேரைப் பிடிக்க கர்னலில் தனியா ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் வச்சிருக்காங்க. தெரிஞ்சே பண்ணின பேரம்தான். எனக்கென்னவோ, அந்த 16 ஆயிரம் வரியைச் சகிச்சுக்கிட்டிருக்கலாம்னு படுது.

இந்த மௌனத்தைத் திருடனும் பயன்படுத்தினான். 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்-இஸட் என்கிற சுருக்கும் மென்பொருளில் பின்கதவு இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் வெளியிட்டது நினைவிருக்கும். எஸ்.எஸ்.எச். உள்நுழைவு அரை செகண்ட் தாமதமாகுதேன்னு தோண்டினவர். அதுக்கப்புறம் எல்லாரும் பழைய மாற்றங்களை வரி வரியாப் பார்த்தப்போ வேறொண்ணு அகப்பட்டது. லேண்ட்லாக் என்கிற பாதுகாப்பு வேலி லினக்ஸில் இருக்கான்னு பார்க்க, சிமேக் கோப்பில் ஒரு குட்டி சி நிரல். அது கம்பைல் ஆனா 'இருக்கு'ன்னு மேக்ரோ டிஃபைன் ஆகும். 2024 பிப்ரவரியில் அந்தக் குட்டி நிரலுக்குள் ஒரு வரியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி சேர்ந்திருந்தது. புள்ளியோட எந்த சி நிரல் கம்பைல் ஆகும்? எல்லாக் கணினியிலும் தோல்வி. மேக்ரோ டிஃபைன் ஆகாது. இஃப்டெஃப் "இல்லப்பா"ங்கும். வேலி போடாம மென்பொருள் கட்டி முடிஞ்சிடும். பூட்டை உடைக்க வேண்டாம், பூட்டோட பேரை மறக்க வச்சாப் போதும்.

நம்ம ஊருக்கே திரும்பறேன். அடையாறுக்குப் பக்கத்துல, ஐ.ஐ.டி. மெட்ராஸில், பேராசிரியர் காமகோடி குழு உருவாக்கின சக்தி பிராசஸர் 2018-ல் சில்லாகி லினக்ஸை ஓட்டியது. ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுப்பில் அமைஞ்சது. ஆர்ட்டி எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் ஓட்டிப் பார்க்க பினாகா, பராசு, வஜ்ரான்னு மூணு வடிவம் வெளியிட்டாங்க. முதல் ரெண்டும் 32 பிட், வஜ்ரா 64 பிட். (பினாகம் யாரோட வில்னு மயிலாப்பூர்க்காரனுக்குச் சொல்லணுமா.) நண்பனோட பலகையை இரவல் வாங்கி கொஞ்ச நாள் விளையாடினேன். அவங்க மென்பொருள் தொகுப்பில் ஒவ்வொரு பலகைக்கும் தனிக் கோப்புறை, அதுக்குள் தனி பிளாட்ஃபார்ம் ஹெடர். கட்டும்போது டார்கெட் பேரைச் சொல்லணும். ஸ்பென்ஸர் 1992-ல் சொன்ன அதே வழி. பார்த்ததும் பழைய வாத்தியாரைத் தெருவில் பார்த்த சந்தோஷம்.

ஆனா அங்கேயும் நான் விழுந்தேன், அது என் சொந்தச் சாமர்த்தியம். 32-ஆ 64-ஆன்னு சொல்ல ரிஸ்க்-ஃபைவ் கம்பைலர் 'ரிஸ்க்வி_எக்ஸ்லென்'னு ஒரு மேக்ரோவைத் தானே டிஃபைன் பண்ணும். நான் "64-ஆ இருந்தா இது, இல்லேன்னா அது"ன்னு எழுதிட்டு, சோதனைக்காக அதே நிரலை என் லேப்டாப்பில் கம்பைல் பண்ணினேன். லேப்டாப் கம்பைலருக்கு எக்ஸ்லென் யாருன்னே தெரியாது. ஆக 0. 0 எங்கே 64 ஆகும்? சத்தமில்லாம 32 பிட் பகுதிக்குள் போய், 64 பிட் லேப்டாப்பில் விலாசத்தையெல்லாம் பாதியா வெட்டித் தள்ளிச்சு. இப்போ மூணு கிளை எழுதறேன்: 64-க்கு ஒண்ணு, 32-க்கு ஒண்ணு, மத்ததுக்கெல்லாம் ஹேஷ் எரர். கத்தட்டும்.

சரி, பெரியம்மா வீடு. அன்னிக்கு நான் பண்ணினது மூணு காரியம். அமைப்புக் கோப்பில் எல்லா வசதியையும் ஒண்ணு விடாம 0 அல்லது 1-ன்னு எழுதினேன். நிரலில் இருந்த இஃப்டெஃப் எல்லாத்தையும் வெறும் இஃப்பா மாத்தினேன். ஜி.சி.சி.-யில் 'டபிள்யூ-அண்டெஃப்'னு ஒரு எச்சரிக்கை உண்டு. இஃப் வரியில் தெரியாத பேர் வந்தா சொல்லும். எல்லா எச்சரிக்கையும் கொடுன்னு அர்த்தம் தொனிக்கிற 'டபிள்யூ-ஆல்' போட்டாலும் இது வராது, தனியாக் கேட்டு வாங்கணும். வாங்கி, அதை எச்சரிக்கையா இல்லாம பிழையாவே ஆக்கினேன். மூணும் சேர்ந்தாத்தான் பலன். இஃப்டெஃப்பை விட்டு வச்சா இந்த எச்சரிக்கை அதைக் கண்டுக்காது.

கம்பைல் பண்ணினா வாட்ச்டாக் மட்டுமில்லை, இன்னும் மூணு இடத்தில் நின்னுச்சு. அதில் ஒண்ணு சம்ப் காலியானா கத்த வேண்டிய பஸ்ஸர். மாட்டின நாளிலிருந்து அது ஒரு தடவைகூடக் கத்தினதில்லை. சம்ப் காலியாகவே இல்லைன்னு நான் நினைச்சிட்டிருந்தேன். அந்த ஜூனில், மயிலாப்பூரில்!

சாயங்காலம் புது நிரலை ஏத்திக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். வேணும்னே நிரலை முடிவில்லாத லூப்பில் தொங்கவிட்டேன். ரெண்டு செகண்ட். டக்குனு ரிலே விட்டது. பெரியம்மா பின்னாடியே நின்னுட்டிருந்தாங்க.

"என்னடா சத்தம்?"

"நாய் பெரியம்மா. இப்பக் கட்டியாச்சு."

என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுக் கீழே இறங்கிப் போனாங்க. அடுத்த லாரி வர நாலு நாள் ஆச்சு. அது வந்த அன்னிக்கு, டேங்க் ரொம்பற நேரம் பார்த்து ராத்திரி எழுந்து வந்து மோட்டார் ஸ்விட்சைத் தன் கையாலதான் அணைச்சாங்களாம்.